மனுவின் முதல் வரி

டுவாலா நகரத்தில், பெரிய அரசாங்க அலுவலகம் ஒன்றின் மதிலோரம் குடை விரித்து, பதினொரு வருஷமாக டைப்ரைட்டரில் மனு அடித்துக் கொடுக்கிறேன். சண்டைக்குத் தப்பி, இங்கிலீஷ் பேசும் எங்கள் மேட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான் என்னிடம் வருவார்கள். உள்ளே பிரெஞ்சு மட்டும்தான் செல்லும். இங்கிலீஷும் அரசாங்க மொழிதான் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். சுவரோடு சரி.

கின்யுய் அக்கா போன மார்ச்சில் வந்தாள். பஸ் நிலையத்தில் பஃப்பஃப் என்கிற எண்ணெய்ப் பணியாரமும் பீன்சும் விற்பவள். ஒரே மகன் விர்சி, பத்தொன்பது வயது. அவர்கள் பேட்டையில் போலீஸ் நடத்திய சுற்றிவளைப்பில் அவனையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஜெயில் என்றுகூடச் சொல்லவில்லை. பையனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் அவள் இடுப்பு முடிச்சில் இருந்தது. அதை அவன் கையில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் மனு.

அடித்து முடித்து, வழக்கம்போல அர்த்தத்தை இங்கிலீஷில் படித்துக் காட்டினேன். “தங்கள் மேலான கருணையை நாடி வருவதில் எனக்குப் பெருமை…”

“நிறுத்து. யாருக்குப் பெருமை?”

“உங்களுக்குத்தான்க்கா.”

“எம்புள்ளையப் புடிச்சு வச்சிருக்கான், எனக்கு என்னடா பெருமை? அந்த வரிய எடுத்துடு!”

“பிரெஞ்சுல ‘ஜே லொன்னர்’, எனக்குப் பெருமைன்னு ஆரம்பிக்கலைன்னா படிக்காமலே தூக்கிப் போட்டுடுவாங்க. இதெல்லாம் சும்மா சம்பிரதாயம்க்கா. யாரும் மனசார எழுதுறதில்ல.”

காறித் துப்பிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பதில் இல்லை. பெரியவர் வரவில்லை, அடுத்த வாரம் வா என்று வாசலிலேயே விரட்டினார்கள். நாலாவது மனுவுக்கு வந்தபோது அவளிடம் பழைய திமிர் இல்லை.

“பெரிய பெருமைன்னு போடு தம்பி. கால்ல விழுறேன்னு சொல்ல பிரெஞ்சுல வார்த்தை இருக்கா?”

இருந்தது. போட்டேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

ஏழாவது மனுவுக்குப் பதில் வந்தது. உறையைக்கூடப் பிரிக்காமல் ஓடிவந்தாள். “சீல் போட்டு அனுப்பியிருக்கான் பாரு! எந்த ஊரு ஜெயிலாம்? படி, படி!”

‘ஜே லெ ரெக்ரே’ என்று தொடங்கியிருந்தது. எங்கள் தொழிலில் அதைப் பார்த்தால் மீதியைப் படிக்கவே வேண்டாம். ஆனாலும் படித்து, மீதியை அவளிடம் சொன்னேன். விர்சி ஏப்ரல் ஒன்பதாம் தேதி மூச்சுத் திணறி இறந்திருந்தான். அவளுடைய இரண்டாவது மனுவுக்கும் முந்தின நாள். மற்ற ஆறையும் செத்தவனுக்காக அடித்திருக்கிறேன்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடிதத்தை வாங்கி முதல் வரியில் விரலை வைத்தாள்.

“இது என்ன சொல்லுது?”

“தெரிவிக்க வருத்தப்படுறேன்னு.”

“நெசமாவே வருத்தப்பட்டானா?”

இதுவரை யாருக்கும் நான் அர்த்தத்தை மாற்றிச் சொன்னதில்லை. அன்றைக்கு, இதுவும் சும்மா சம்பிரதாயம்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

“ஆமாக்கா. மனசார வருத்தப்பட்டுத்தான் எழுதியிருக்கார்.”

அவள் கடிதத்தை மடித்து இடுப்பு முடிச்சில் செருகினாள்.

“அப்ப இவங்க எல்லாம் மனசாரத்தான் எழுதுறாங்களா? மொத மனுவுல அந்தப் பெருமைய நான் மனசாரச் சொல்லலடா தம்பி. சொல்லியிருந்தா விட்டிருப்பானோ?”