கம்ப்யூட்டர் வாசித்த 'இல்லை'

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து வீட்டில் கிடந்தபோது எனக்கிருந்த ஒரே கவலை ஆபீஸ் சீட். பொம்மனஹள்ளியில் ஒரு பம்ப் கம்பெனியில், வெளியூர் பார்ட்டிகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் அடிப்பது என் வேலை. இடது கண் ஆரம்பத்திலிருந்தே அலங்காரத்துக்கு வைத்தது.

"திங்கக்கிழமை வந்து டைப் பண்ண ஆகுமா, வேற ஆள் பாக்கட்டா?" என்று மேனேஜர் போனில் கேட்டார்.

"கண்ண மூடிக்கிட்டே அடிப்பேன் சார்" என்றேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன்.

அடிப்பது விரல்களுக்குத் தெரியும். அடித்ததை யார் படிப்பது? பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் என் மனைவி மெனுவைத் துழாவி, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதியைக் கண்டுபிடித்தாள். வாங்கிய நாளிலிருந்து மெஷினுக்குள்ளேயே இருந்திருக்கிறது. மூக்கடைத்த அமெரிக்கக் குரல்.

"உங்கள மாதிரியே விடாம பேசுது. ஆனா இத நிறுத்த பட்டன் இருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்குப் போன பிறகு, பக்கத்து சீட் நண்பனிடமிருந்து மெயில் வந்தது. எங்கள் எல்லோரையும் போல அவனும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பான். மெஷின் வாசித்தது: "அன் சீட் உக்கு... வேரா ஆல்... இல் ஐ."

மறுபடி கேட்டேன். சீட். வேற ஆள். 'இல் ஐ' என்றால் ஆங்கிலத்தில் நோய்க் கண். கண் சரியில்லை, சீட்டுக்கு வேற ஆள். அடுத்த சில நிமிடங்களில் மனதுக்குள் வீட்டைக் காலி செய்து, அத்திபெலேயில் மச்சான் மளிகைக் கடைக்குப் போய் அரிசி மூட்டை தூக்கி, இடுப்பும் பிடித்துக்கொண்டது. பிறகு நண்பனுக்குப் போன் போட்டேன்.

"யாருடா அந்த ஆள்?"

"எந்த ஆள்?"

"என் சீட்ல உக்காரப்போறவன். அதுல என் கண்ண வேற இழுத்திருக்க, இல் ஐ-ன்னு."

அவனுக்கு 'டேய்' கன்னடத்தில்தான் வரும். "லோ குரு, 'உன் சீட்டுக்கு வேற ஆள் இல்லை'ன்னு எழுதினேன். ஐ, டபுள் எல், ஏ, ஐ. இல்லை."

அப்புறம் சிரித்தான். ஆபீஸுக்கே கேட்டிருக்கும்.

"இனிமே 'இல்ல'ன்னே அடி" என்றேன். "கடைசி ஐ வேணாம். எனக்கு ஒரு ஐ போதும்."

திங்கட்கிழமை மேனேஜர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, காதில் ஹெட்போனோடு அடித்தேன். முடித்து ஒருமுறை கேட்டபோது, பார்ட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் 'பம்ப்' அனுப்புவதற்குப் பதில் தலையில் புடைக்கும் 'பம்ப்' அனுப்புவதாகச் சொன்னது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், அமெரிக்கன் விடமாட்டான். 'b'யை அழித்துவிட்டு 'p' போட்டேன்.

பிரிண்ட் எடுத்த தாளை மேனேஜர் வாங்கிக்கொண்டார். "தப்பேனாதரூ இதெயா?" என்று கன்னடத்தில் கேட்டார், ஏதாவது தப்பு இருக்கிறதா என்று.

"இல்ல சார்" என்றேன். கன்னடத்திலும் அது 'இல்ல'தான்; அவர் பாஷைக்கும் என் பாஷைக்கும் அந்த ஒரு சொல் போதும். கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த கடிதத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.