மாடசாமி அண்ணாச்சி ஏன் சாப்பிடவில்லை?

"டீச்சர், வீட்ல யாருக்கு முடியல?"

போன வாரம் தென்காசியில் ஒரு மெடிக்கல் சாமான் கடை. நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தேன். கடைக்காரர் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். அக்கறையாகத்தான் கேட்டார்.

"வீட்டுக்கு இல்லப்பா. ஜெயிலுக்கு."

முகம் மாறிவிட்டது. "ஜெயிலுக்கா? தப்பு பண்ணிட்டு உள்ள போனவனுக்கு நாற்காலி வேற கேக்குதாக்கும்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நாலு பேர் மாத்திரைச் சீட்டோடு நின்றார்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ரிட்டயர் ஆன பிறகு எனக்கு ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. சிறைகளைப் போய்ப் பார்த்துவர, அரசாங்கத்தில் வேலை பார்க்காத ஆட்களையும் நியமிப்பார்கள். அப்படி ஒரு ஆள் நான். அவ்வப்போது உள்ளே போகலாம். சமையலறை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் பார்க்கலாம். கைதிகளோடு பேசலாம். குறைகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். அவ்வளவுதான் அதிகாரம்!

நான் போவது ஒரு சின்னக் கிளைச் சிறை. ஊர்ப் பெயர் வேண்டாம். இருப்பவர்கள் எல்லாம் விசாரணைக் கைதிகள். அதாவது, தப்பு செய்தார்களா இல்லையா என்று கோர்ட் இன்னும் சொல்லவில்லை.

உள்ளே எப்படி இருக்கும்? நாம் நினைக்கிற மாதிரி பயங்கரமாக எதுவும் இல்லை. சின்னச் சின்ன கஷ்டங்கள்தான். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நமக்கெல்லாம் குஷி. ஐந்தருவிக்கு வண்டியைக் கிளப்பிவிடுவோம். அதே சாரல் சிறையில் என்ன செய்யும் தெரியுமா? துவைத்த கைலி மூன்று நாளானாலும் காயாது. ஈரத்தோடு கட்டிக்கொண்டு திரிவார்கள். தொடையிடுக்கில் படை வந்துவிடும். நோட்டில் நான் முதன்முதலாக எழுதியது அதைத்தான்... துணி காயப்போட ஒரு கூரை வேண்டும் என்று. கூரை இன்னும் வரவில்லை.

இரண்டு மாதம் முன்பு போயிருந்தபோது வார்டர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், இங்கன ஒரு பெரியவர் ராத்திரிச் சாப்பாட்டைத் தொட மாட்டேங்காரு. கேட்டா வேண்டாம்ங்காரு. காலைலயும் ரெண்டு வாய்தான். முந்தாநாள் மயங்கி விழுந்துட்டாரு. சுகர் பேஷண்ட் வேற. உண்ணாவிரதம்னு எழுதி மேல அனுப்பிரலாமான்னு பாக்கோம்."

உண்ணாவிரதம் என்று எழுதிவிட்டால் அது வேற கதை. விசாரணை வரும். வீட்டு ஆட்கள் பார்க்க வருவது நின்றாலும் நிற்கும். "கொஞ்சம் பொறுங்க, நான் பேசிப் பாக்கேன்" என்றேன்.

பெரியவரைக் கூட்டி வந்தார்கள். மாடசாமி என்று வைத்துக்கொள்வோம். பண்பொழிப் பக்கம் கொஞ்சம் வயல். எழுபது வயசு. வரப்புத் தகராறில் தம்பி மகனை மண்வெட்டிக் கைப்பிடியால் அடித்துவிட்டார். அவனுக்குக் கை முறிந்துவிட்டது.

"அடிச்சது நெசந்தான் டீச்சரம்மா" என்றார், நான் கேட்காமலே. "பொய் சொல்ல மாட்டேன்."

"உக்காருங்க அண்ணாச்சி."

"இருக்கட்டும், நிக்கேன்."

"மரியாதைக்கு நிக்காரு மேடம்" என்றார் வார்டர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். சாப்பாடு பிடிக்கவில்லையா? வீட்டு நினைப்பா? ஜாமீன் கிடைக்காத கோபமா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சரம்மா. பசிக்கல."

பொய் சொல்ல மாட்டேன் என்றவர், அதை மட்டும் பொய்யாகத்தான் சொன்னார்.

பேச்சு முடிந்தது. அவருடைய துண்டு கீழே விழுந்திருந்தது. அதை எடுக்கக் குனிந்தார். ஒரு கையைச் சுவரில் ஊன்றினார். வலது காலை மடக்காமல் பின்னால் நீட்டிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பாதி தூரம் இறங்கி, விரல் நுனியால் துண்டை இழுத்து எடுத்தார்.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. மூட்டு ஆபரேஷன் செய்துகொள்வதற்கு முன்னால், வீட்டில் நான் எதையாவது எடுக்க வேண்டுமென்றால் இதே மாதிரிதான் குனிவேன்! அப்போது எனக்குப் பெரிய பயம் எது தெரியுமா? வலி இல்லை. வெளியூர்க் கல்யாணம். அந்த மண்டபத்துக் கழிப்பறையில் உட்கார்ந்துவிட்டு எப்படி எழுந்திருப்பது என்ற பயம். எத்தனை கல்யாண வீட்டில் "பசிக்கல" என்று சொல்லியிருப்பேன்!

வார்டரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன்.

"அண்ணாச்சி, எனக்கும் முட்டு போனதுதான். ஆபரேஷன் பண்ணிருக்கேன். கூச்சப்படாம சொல்லுங்க. கக்கூஸ்ல உக்கார முடியுதா?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ராத்திரி சாப்பிடலைன்னா காலைல போவாண்டாம்லா" என்றார்.

அப்புறம் சொன்னார். பதினான்கு பேர் இருக்கிற அறை. மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். அதற்குப் பின்னால்தான் கழிப்பறை. வந்த இரண்டாம் நாள் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. அப்படியே பின்னால் சரிந்துவிட்டார்.

"ரெண்டு பயலுவ வந்து தூக்கி, கழுவியும் விட்டானுவ. தங்கமான பயலுவ, தப்பு சொல்லப்படாது. ஆனா டீச்சரம்மா... என் மகனுக்கு முன்னால கூட நான் துணியில்லாம நின்னதில்ல."



சிறைக் கண்காணிப்பாளரிடம் போய், அண்ணாச்சிக்குக் கழிப்பறையில் போட்டுக்கொள்ள நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று கேட்டேன். கெட்டவர் இல்லை. எதற்கும் பயப்படுகிறவர். "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்களே மேடம்" என்றார்.

"எல்லாருக்கும் முட்டு தேஞ்சிருந்தா கேக்கட்டும் சார்."

லேசாகச் சிரித்தார். இரும்புக் குழாய் வைத்த நாற்காலி கூடவே கூடாது, கழற்றினால் ஆயுதமாகிவிடும் என்றார். நியாயம்தான். முழுக்கப் பிளாஸ்டிக் என்றால்? டாக்டர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். சிறைக்கு வந்துபோகிற டாக்டர் அந்த வாரமே எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் மேசை மேசையாக ஏறி இறங்கி, கையெழுத்தாகித் திரும்பி வர ஒன்றரை மாதம். அதுவரைக்கும்? அந்த இரண்டு பயல்கள்தான் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்களாம், முகத்தைத் திருப்பிக்கொண்டு. உண்ணாவிரதம் என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

இடுப்பளவு சுவரை உயர்த்தக் கேட்டேன். கிடைக்கவில்லை. கழிப்பறையில் இருப்பவரும் வார்டர் கண்ணில் பட வேண்டுமாம், பாதுகாப்பு. ஒரு திரை? அதுவும் இல்லை.

சிறை என்றால் தண்டனைதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று. வெளியே வர முடியாது, வீட்டு வாசலில் நிற்க முடியாது, வயலைப் பார்க்க முடியாது. அதுதான் தண்டனை. வயிற்றைக் காயப்போட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை. இவருக்கோ இன்னும் தீர்ப்பே வரவில்லை!

நாற்காலியை வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்து என்ன ஆச்சு என்று பார்க்கப் போனேன். வார்டர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மேடம், உங்க அண்ணாச்சி படுத்துத பாடு தாங்க முடியல. சோறு குழையுதாம். சாம்பார்ல உப்பே இல்லையாம். தெனமும் சத்தம் போடுதாரு."

உள்ளே போனேன். மாடசாமி அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

"சாம்பாரை நோட்ல எழுதுங்க டீச்சரம்மா" என்றார், கறாராக.

எழுதினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் புகாரையும் எழுதியதில்லை.