நாங்கள் மாலையில் பிரித்த சுவர்

தொண்ணூறுகளின் கடைசி. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடற்கரைச் சாலையை ஒட்டிய சின்னப் பள்ளி ஒன்றில் அப்போது நான் ஆசிரியை. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. பந்து சாலைக்கு ஓடினால் பின்னாலேயே ஒரு பிள்ளையும் ஓடும். லாரி பிரேக் போடும் சத்தத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

அந்த வருடம்தான் வெளிநாட்டிலிருந்து இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் வந்து சேர்ந்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரிக்குப் போகும் முன், ஒரு வருடம் வேறு தேசத்தில் தங்கித் தொண்டு செய்வது அவர்கள் பக்கத்து வழக்கமாம். காலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டு, மத்தியானத்துக்கு மேல் சுவர் வேலை. "அவங்களே கட்டணும்னு ஆசைப்படுறாங்க. மனசு நோகாம பார்த்துக்கம்மா" என்று தலைமை ஆசிரியர் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். ஆங்கிலம் தெரிந்த பாவம் எனக்கு!

சுவரா அது? முதல் நாளே, கூடமாட உதவிக்குப் பள்ளி வைத்திருந்த உள்ளூர்க் கொத்தனார் நூல் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "இன்னா டீச்சரு, ஒரு பக்கம் கல்பாக்கம் போவுது, இன்னொரு பக்கம் கடலுக்குப் போவுது. ஒரு மழ தாங்காது. புள்ளைங்க மேல வுழுந்தா?"

உள்ளங்கையெல்லாம் கொப்புளத்தோடு அந்தப் பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கடல் கடந்து வந்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவர்கள் கட்டும்போது "நல்லா கீது" என்று மட்டும் சொல்லுங்கள் என்று கொத்தனாரிடம் கேட்டுக்கொண்டேன். நாலரை மணிக்கு அவர்கள் குளிக்கப் போனதும், சாந்து இறுகுவதற்குள் அன்றைய வரிசையைப் பிரித்து அவர் நேராகக் கட்டுவார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கல் எடுத்துக் கொடுப்பேன். மறுநாள் மூவரும் வந்து "அழகு!" என்பார்கள். நானும் "அழகு!" என்பேன். கொத்தனார் வானத்தைப் பார்ப்பார். மாதக்கணக்கில் இதே கூத்து.

வழியனுப்பு விழாவுக்கு ஊரே வந்திருந்தது. ஒரு வருட அனுபவத்தை அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல வேண்டும். தயிர்சாதம், குளியலறைக்கு வந்த பாம்பு வரைக்கும் நன்றாகத்தான் போனது. திடீரென்று அவள், முதல் வாரமே தன் செங்கற்களில் ஆணியால் சின்ன மீன் கீறி வைத்ததாகவும், மறுநாள் மீனெல்லாம் இடம் மாறி, சிலது தலைகீழாக நின்றதாகவும் சொன்னாள். எங்கள் மனசு நோகக் கூடாதென்று மூவரும் வாயைத் திறக்கவே இல்லையாம்.

எதிரே தலைமை ஆசிரியர். "சுவர் பிரமாதமா வந்ததுல ரொம்ப சந்தோஷம்னு சொல்றாங்க" என்று அடித்துவிட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னா டீச்சரு, நான் அப்டியா சொன்னேன்?" என்றாள் மைக்கிலேயே, அச்சு அசல் கோவளத்து மீன்காரம்மா தமிழில். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

விழா முடிந்ததும் அவள் கொத்தனாரைக் கையைப் பிடித்துச் சுவரருகே இழுத்துப் போனாள். மூலையில் ஒரு கல் வைக்க இடம் பாக்கி இருந்தது. "அண்ணாத்த, இப்பவாச்சும் சொல்லு. எது தப்பு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், ஒரு வருடமாக அடக்கி வைத்ததைக் கொட்டிவிட்டார். "கல்ல தண்ணில போட்டியாம்மா நீ? காஞ்ச கல்லு சாந்துல கீற ஈரத்தெல்லாம் குடிச்சிடும். நூல பாக்காம என் மூஞ்சிய பாத்துகினு கட்டுனா சுவரு எப்டி நேரா வரும்?"

அவள் ஒரு கல்லைத் தண்ணீரில் போட்டு, குமிழி அடங்கும் வரை காத்திருந்து, நூலைப் பார்த்து வைத்தாள். கொத்தனார் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இது நிக்கும்" என்றார்.

அவள் கண் கலங்கிவிட்டது. "இத மொத நாளே சொல்லிருந்தா முழுசா நானே கட்டிருப்பேனே!"

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். ஆனாலும் ஒரு வருடம் அந்தப் பெண்ணை விருந்தாளியாகவே வைத்திருந்தோம், எங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்து ஒரே ஒரு நாள்கூடத் திட்டவில்லையே என்பது இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.