செம்பூர் தியேட்டரில் எழுந்து நின்றவர்கள்

செம்பூரில் ஒரு பழைய தியேட்டரில் மதியக் காட்சி. என்னைத் தவிர யாரும் இல்லை. டார்ச் அடித்து இடம் காட்டிய ஒல்லி மனிதர், தேசிய கீதம் தொடங்குமுன் கோயிலுக்குள் நுழைவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

நானும் எழுந்தேன். பாட்டு தொடங்கியதும் என் பின்னால் வரிசை வரிசையாக இருக்கைகள் டப் டப்பென்று மடங்கின. திரும்பினேன். ஒருவரும் இல்லை.

பாட்டு முடிந்ததும், "யாரு அவங்க?" என்று கேட்டேன்.

"தெரியல அண்ணாச்சி. இந்துவோ முஸ்லிமோ வேதக்காரரோ, இந்தப் பாட்டுக்கு மட்டும் எல்லாரும் எந்திச்சிருவாவ," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க மொதல்ல உக்காருங்க. அவிய காத்துட்டு நிக்காவ."

உட்கார்ந்தேன். பின்னால் இருக்கைகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன.

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆனால் இன்றும் எங்கே அந்தப் பாட்டு முடிந்தாலும் முதலில் உட்காருவது நான்தான்.