வளையத்தில் இருந்த சாம்பல்

விண்வெளிக்குப் போய்வந்த முதல் வளையத்தில் சாம்பல் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் அதைக் கண்டுபிடித்தவள் நான்தான்.

மனிதர்கள் ஏறும் விண்கலம் ஒன்றின் கதவுக்கு மெல்பர்னில் எங்கள் சிறிய தொழிற்கூடம் ரப்பர் வளையம் செய்கிறது. உள்ளே இருக்கும் காற்று வெளியே போகாமல் பிடித்துவைப்பது அதுதான். கலம் திரும்பத் திரும்பப் பறக்கும். ஒவ்வொரு முறை இறங்கியதும் வளையத்தைக் கழற்றி எங்களுக்குச் சோதனைக்கு அனுப்புவார்கள். நல்லவேளை, காற்று கசியவில்லை. ஆனாலும் நாலு உயிர் சம்பந்தப்பட்ட சாமான். கலம் மறுபடி கிளம்புவதற்குள் யார் தவறு என்று நான் எழுதித் தர வேண்டும்.

எங்கள் கூடத்தில் அந்த வளையத்தைத் தொட்டவர்கள் இரண்டே பேர். செய்து முடித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சரிபார்த்து உறையிட்டவள் நான். சாம்பல் என்றதும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர் யார், நானா? எனக்கு வெள்ளிக்கிழமைகூட ஞாபகம் இருக்காது.

ஒரு வாரம் அவரையே நோட்டம் விட்டேன். காலையில் காரிலிருந்து இறங்கியதும் ஈரத்துணியால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். தடயத்தை அழிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "எப்பவும் துடைப்பீங்களாண்ணா?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன்.

"ஓம் பிள்ளை. உள்ளுக்கை போக முதல் ஒவ்வொரு நாளும் துடைக்கிறனான்."

பதில் தயாராக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. அன்றே அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவரைப் பெட்டி ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள். வேலையே போய்விடும் என்று பேச்சு அடிபட்டது.

நாலு நாள் கழித்துச் சாப்பாட்டு அறையில் சுவரைப் பார்த்தேன். முதல் வளையத்தோடு நாங்கள் இருவரும் நிற்கும் படம். தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் தயிர்சாதம் சாப்பிடுகிறேன். வெள்ளை உடை, தலைமூடி, முகக்கவசம். நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிகின்றன. அவர் நெற்றி சுத்தமாக இருந்தது. என் நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு. முதல் வளையம் நல்லபடியாகப் போக வேண்டும் என்று அன்று காலை கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வந்தேன். அப்படியே குனிந்து குனிந்து அதைச் சரிபார்த்திருக்கிறேன்.

மேலாளரிடம் போய் அவர் பெயரை அடித்து என் பெயரை எழுதிக் கொடுத்தேன். என் அனுமதி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பெட்டி ஒட்டுமிடத்துக்குப் போய் அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"சாம்பல் கதை வந்த முதல் நாளே அந்தப் படத்தை நான் பாத்திட்டன் பிள்ளை. நீங்களாவே சொல்லுவியள் எண்டு இருந்தனான்."