தண்ணீர்க் குழி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் 'தண்ணியக்கா' என்று பேர். எலும்போ ரத்தமோ, எதற்கு என்னென்ன செய்கிறாளோ அத்தனையும் ஒரு சொட்டு வெறும் தண்ணீருக்கும் செய்வாள். சோதனைத் தட்டில் உறைந்த ஜெல்லியின் கடைசிக் குழியில் அதை ஊற்றாமல் கரண்ட் போடமாட்டாள். டி.என்.ஏ. துண்டுகள் மின்சாரத்தில் நகரும். சின்னது முன்னே ஓடும், பெரியது பின்தங்கும். விளக்கடியில் கோடுகளாகத் தெரியும். தண்ணீர்க் குழிக்கு நேரே கோடு விழக்கூடாது. விழுந்தால், செய்தவர் கையிலிருந்து ஏதோ கலந்துவிட்டது. மொத்தமும் குப்பைக்கு.

"தண்ணியில என்னக்கா தேடுற, மீனையா?" என்பான் பக்கத்து மேஜைக்காரன்.

"உன் லட்சணத்தடா."

பெயிண்ட் கிடங்கு எரிந்தபோது அவள் தம்பி உள்ளே இருந்தான். அவனோடு வேறு சிலரும். அவன் நின்ற மூலையில் கிடைத்தது கரிந்த எலும்புத் துண்டு ஒன்று. சொந்தக்காரர் தொடக்கூடாது என்பது விதி. "வேற கையில குடுக்க மனசு வரல சார்" என்றாள். மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாவின் உள்கன்னத்தில் பஞ்சைத் தேய்த்து எடுத்தாள்.

"இந்தப் பஞ்சு என் புள்ளைய அடையாளம் காட்டுமாடி?"

"உன் கோட்டுல பாதி அவன்கிட்ட இருக்கும்மா."

எலும்பை அரைக்கையில் மூக்கு ஒழுகியது. முகமூடியை விலக்கிப் புறங்கையால் துடைத்தாள். அதே கையால் கரைசல் பாட்டிலைத் திறந்தாள். அவளுக்கே அது தெரியவில்லை.

விளக்கைப் போட்டாள். அம்மாவின் கோடுகள். பக்கத்தில் எலும்பின் கோடுகள். பார்த்த இடத்திலெல்லாம் எலும்பின் இரண்டு கோடுகளில் ஒன்று அம்மாவுடையது. இது அம்மா பெற்ற பிள்ளை.

"வந்துட்டியாடா" என்றாள்.

பக்கத்து மேஜைக்காரன் எட்டிப்பார்த்தான். கிண்டலுக்கு வந்தவன் குரல் இறங்கிப்போனது.

"அக்கா. கடைசிக் குழி."

தண்ணீருக்கு நேரே, மங்கலாக, அதே கோடுகள். அம்மா பெற்றது இரண்டு. முகமூடியை விலக்கியது ஒன்று.

"நான் எதையும் பாக்கலக்கா. அம்மாவுக்காகவாவது..."

"நான் பாத்தேன்டா."

"எலும்புத் தூள் மிச்சமிருக்கா?"

தலையை ஆட்டினாள். இல்லை.

மேஜைமேல் செல்போன் அதிர்ந்தது.

"கோடு வந்துச்சாடி?"

"வந்துச்சும்மா."

"ஐயோ, என் ராசா..."

அழுகை அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அது நான்மா."