திரும்பி வந்த உடம்பு

ஆபரேஷனுக்கு முன் நான் நூற்றுப் பன்னிரண்டு கிலோ. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் தொடக்கம். துறைமுக ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. மாடி ஏற முட்டி இரண்டும் மறுத்துவிட்டன. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த ஒரு டாக்டர், சிறுகுடலில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை இணைத்துத் தைத்தால் தின்பது உடம்பில் ஒட்டாது என்றார். சரி என்றேன்.

ஒட்டத்தான் இல்லை. ஒன்றரை வருடத்தில் அறுபத்தெட்டுக்கு வந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நாளைக்கு எட்டுத் தடவை கக்கூஸுக்கு ஓடினேன். டெலிபோன் போர்டை விட்டுவிட்டு ஓடும்போது கூட வேலை பார்த்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஃபிட்டர். இதெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் என்னை நிறுத்தி வைத்து, "இன்னா, அடையாளம் தெர்தா?" என்று போகிற வருகிறவர்களைக் கேட்பார். ஒர்க்‌ஷாப்பில் அவரே அரம் போட்டுத் தேய்த்த சாமான் மாதிரி. பிறகு ராயபுரம் ஸ்டேஷனுக்கு நடத்திப் போய் எடை மிஷினில் ஏற்றுவார். விழுகிற அட்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்துவார்.

மூன்றாம் வருடம் குடல் பழகிக்கொண்டது. பஜ்ஜி தின்றால் வயிற்றில் நின்றது. ஓட வேண்டியதில்லை என்று முதலில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பழைய புத்தியும் கூடவே வந்தது. கோபம் வந்தால் தின்கிற ஆள் நான். லைன் கிடைக்கத் தாமதமானால் அதிகாரி போனில் எரிந்து விழுவான். பிளக்கைப் பிடுங்கிய கையோடு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பேன். சாயங்காலம் வீடு போவதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். ரெக்கார்டு ரூமில் பீரோவுக்குப் பின்னால் நின்றபடி டின்னில் அடைத்த இனிப்புக் கெட்டிப் பாலை ஸ்பூனால் வழித்துத் தின்பேன். மெல்லக்கூட வேண்டாம், வழுக்கிக்கொண்டு இறங்கும்.

எழுபத்தைந்தானேன். பிறகு எண்பது. ஒரு ஞாயிறு அவர் அட்டையை எடுத்து, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"எண்பத்திரெண்டு! வயித்த கிழிச்சும் அடங்கலியே ஒனக்கு. இன்னாத்தமே துன்ற?"

நான்கைந்து பேர் திரும்பினார்கள். மிஷினிலிருந்து இறங்கி நடந்தேன். நடந்தபடியே வேர்க்கடலை வாங்கித் தின்றேன்.

அவருடைய அக்கா எங்களோடுதான் இருந்தாள். என் கைக்கு எட்டக் கூடாதென்று சமையலறை அலமாரிக்குப் பூட்டுப் போட்டவள் அவள். அடுத்த வாரம் என் ஆபீஸ் பையைக் குடைந்து மூன்று காலி டின்களை எடுத்து, கோயிலிலிருந்து வந்திருந்த உறவுக்காரர்கள் முன்னால் மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"பாருங்க. திர்டி துன்னுகினு கீறா. தம்பி தலயெழுத்து."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அந்த நிமிஷம் அவளை அடித்திருப்பேன். அதற்குப் பதில் பையின் அடியில் அவள் கைக்குத் தப்பியிருந்த நாலாவது டின்னை எடுத்துத் திறந்தேன். எல்லோருக்கும் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தேன்.

"இன்னாமே இது?" என்றார் அவர்.

"நல்லா பாத்துக்க. இன்னாத்த துன்றன்னு கேட்டியே."

பாதி டின்னில் திகட்டிவிட்டது. ஸ்பூன் மேலே ஏறவில்லை. ஒளிந்து நின்று தின்ற காலத்தில் ஒருநாளும் எனக்குத் திகட்டியதில்லை. அவர்கள் மீதிருந்த ஆத்திரம் அடங்கவில்லை, ஆனாலும் திகட்டியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

லீவு போட்டுத் தனியாக டாக்டரிடம் போனேன். "என் வேலையை நான் சரியாகச் செய்துவிட்டேன். வாயை நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்றார், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"தையல் போடறப்போ இத சொல்லலியே, டாக்டர்."

அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார்.

அதன்பின் நின்றுகொண்டு தின்பதில்லை, ஒளிந்து தின்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். எதுவானாலும் தட்டில் போட்டு, நாலு பேர் பார்க்க, உட்கார்ந்து. அலமாரிப் பூட்டை அம்மிக்கல்லால் உடைத்தேன். நாத்தனாரோடு பேச்சை நிறுத்தினேன்; அவள் தன் மகன் வீட்டுக்குப் போகும்வரை பேசவில்லை. எடை மிஷினுக்கு இனி வரமாட்டேன் என்றதும் வீட்டுக்காரர் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். வைத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மெலிந்த உடம்பு திரும்பவில்லை. ஆனால் ரவிக்கைகளை அதற்குமேல் பிரித்துத் தைக்கவும் நேரவில்லை. சில வாரங்கள் ஒழுங்காகப் போகும். சில வாரங்கள் ரெக்கார்டு ரூம் பீரோ வரை போய் நிற்பேன். ஒன்றிரண்டு முறை தோற்றும் இருக்கிறேன்.

அந்த அதிகாரி மறுபடி ஒருநாள் போனில் கத்தினான். கை பிஸ்கட்டுக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டு, "சார், இன்னொரு வாட்டி இப்படிப் பேசினா லைன கட் பண்ணிடுவேன்" என்றேன். அவன் இன்னொரு வாட்டி பேசினான். கட் பண்ணினேன். மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.